சகலைக்கு ஒரு நல்ல வார்த்தை

டைல்ஸ் மேஸ்திரியின் வேலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்க முடியாது. வாய்தான் எந்த மட்டத்துக்கும் அடங்காது. அதிலும் சகலையின் பேச்சு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சகலை, அதாவது அவர் மனைவியின் தங்கை புருஷன், பெயிண்டர். மாடியில் மேஸ்திரி குடும்பம், கீழே பெயிண்டர் குடும்பம். வேலையும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில்தான். மேஸ்திரி பதித்த தரையில் பெயிண்டர் சொட்டு விடுவார். அதைச் சுரண்டிக்கொண்டே மேஸ்திரி அவருடைய பரம்பரைக்கே வெள்ளையடிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டாவது கோட்டிங்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மேஸ்திரி மகளுக்குப் புதுநன்மை, அதாவது அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவள் பக்கத்தில் நின்று தானும் நற்கருணை வாங்க வேண்டுமென்று முந்தின வாரமே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சகலையைத் திட்டுகிற பாவத்தை ஒப்புக்கொண்டார். பரிகாரமாக நாலு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தோடு தப்பிக்கலாம் என்பது அவர் கணக்கு.

“உங்க சகலையைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை, அவர்கிட்டயே சொல்லுங்க. அதுதான் பரிகாரம்” என்றார் சாமியார்.

“ஜெபமாலை வேணா எத்தனை சொன்னாலும் சொல்லிடறேன், சாமி.”

“அது வேண்டாம். சொல்றது உண்மையாவும் இருக்கணும். பொய்யாப் புகழ்ந்துட்டு, அதுக்கு வேற இங்க வந்து நிக்காதீங்க.”

அங்கேதான் மேஸ்திரி வசமாக மாட்டிக்கொண்டார். வாரம் முழுக்கச் சகலையை உற்று உற்றுப் பார்த்தார். பாட்டு? காது கொடுத்துக் கேட்க முடியாது. நேரத்துக்கு வருவாரா? அந்தப் பழக்கமே கிடையாது. அந்தச் சட்டையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே புண்ணியம். சனிக்கிழமையும் வந்துவிட்டது.

அன்று பெயிண்டர் ஏணியில் நின்று, சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் மெல்லிய பிரஷ்ஷால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். டேப் ஒட்டவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார். நூல் பிடித்தாற்போல் போனது கோடு. வாழ்நாளெல்லாம் நேர்க்கோட்டோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இது தெரியாதா? கையில் எடுத்த டைலை அப்படியே கீழே வைத்தார்.

“யோவ் சகலை.”

“எங்கண்ணே சொட்டியிருக்கு? காட்டுங்க, தொடைச்சிடறேன்.”

“சொட்டை விடுய்யா. அந்தக் கோடு நல்லா இருக்கு. டேப் இல்லாம இவ்வளவு நேரா என்னால இழுக்க முடியாது.”

பெயிண்டர் இறங்கி வந்து மேஸ்திரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்லையே.”

“கையை எடுய்யா. நெத்தியெல்லாம் பெயிண்ட். உண்மையைத்தான் சொன்னேன்.”

பெயிண்டர் துடைத்த பிரஷ்ஷையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“அண்ணே, இதை என் வீட்டுக்காரி முன்னாடி ஒரு தடவை சொல்றீங்களா? நீங்க மாடியில என்னைத் திட்டுறது எல்லாம் அவளுக்குக் கேக்குது.”

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. தரையைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்குத் தன் வீட்டுத் தரை வழியாகப் பேச்சு இறங்கும் என்பது உறைக்கவே இல்லை.

சாமியார் கேட்டது ஒரு தடவைதான். அது முடிந்துவிட்டது. சாயங்காலம் நேரே மாடிப்படி ஏறியிருக்கலாம். ஏறவில்லை. கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்.

திறந்த மச்சினியின் முகம் சுண்டிப்போனது.

“என்ன மாமா, இன்னைக்கு என்ன பண்ணி வச்சாரு?”

“அதைச் சொல்லத்தாம்மா வந்தேன். உள்ள வரலாமா?”

அவளுக்குப் பின்னால் பெயிண்டர், ஏற்கெனவே போட்டிருந்த சட்டைப் பொத்தானை மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்.