பிளாஸ்திரி மேல் உப்பு மூட்டை

உப்பு வாரும் கூலியாளாக இறங்கி, இன்று மரக்காணத்தில் சொந்த உப்பளம் வைத்திருக்கிறவன் நான். படிப்பு நாலாங்கிளாஸோடு சரி. எவன் தயவிலும் மேலே வரவில்லை. அப்படிப்பட்டவனையே கணைய வீக்கம் மடக்கிப் போட்டது. வயிற்றில் கிளம்புகிற வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். பித்தப்பைக் கல்லால் வந்தது என்று டாக்டர் சொன்னார். "குடிச்சிருப்பாரு" என்றது ஊர். சொன்னவர்களில் பாதிப்பேர் சாராயக் கடையிலேயே கிடப்பவர்கள். நான் அந்த வாசலை மிதித்ததில்லை.

மாத்திரைக்கு வலி அடங்காததால், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தோளுக்குக் கீழே முதுகில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார்கள். அபினி வகை மருந்து. தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதன்மேல் சூடு பட்டால் அளவுக்கு மீறி இறங்கி மூச்சையே அடக்கிவிடும் என்று டாக்டர் என் மனைவியிடம் அழுத்திச் சொன்னார்.

வீடு திரும்பிய மறுநாளே பங்காளி வந்தான். அப்பன் விட்டுப்போன உப்பளத்தை உட்கார்ந்து தின்கிறவன். நோயாளியைப் பார்க்க வந்தால் ஆரஞ்சுப் பழத்தோடு வைத்தியத்தையும் கொண்டுவருவான்.

"என்னாண்ணே, ஸ்டாம்பு ஒட்டி வச்சிருக்காங்க? தபால்ல போடப் போறாங்களா?"

நான் வலியில் சுருண்டு கிடந்ததால் தப்பித்தான். இல்லையென்றால் அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

எங்கள் பக்கம் சுளுக்கோ பல்வலியோ, எதற்கும் வறுத்த உப்பு ஒத்தடம்தான். அவனே அடுப்பில் வாணலியை வைத்தான்.

"சூடு காட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க தம்பி" என்றாள் மனைவி.

"அது வெந்நீர்ப் பைக்குச் சொன்னது அண்ணி. இது நம்ம உப்பு. வலிய அப்படியே உறிஞ்சிடும்."

உப்பு சுட்டால் அது சூடு இல்லையாம்! பரம்பரை உப்பளக்காரன் கண்டுபிடிப்பு. துணியில் கட்டி, பிளாஸ்திரி மேலேயே வைத்து அழுத்தினான். இதமாகத்தான் இருந்தது. அப்புறம் எனக்கு எதுவும் தெரியாது. மற்றதெல்லாம் மனைவி சொன்னது.

"பாத்தீங்களா அண்ணி, எப்புடித் தூங்குறாரு!" என்று பெருமையாகக் கேட்டிருக்கிறான். அவள் உலுக்கினாள். நான் கண் திறக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவள் காத்திருக்க வேண்டியிருந்தது. மூட்டையைத் தூக்கி எறிந்து, பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் என்னை எழுப்பினார்கள்.

கண் விழித்ததும் காதில் விழுந்தது, வார்டு வாசலில் யாரிடமோ அவன் அளந்துகொண்டிருந்தது: "ஒத்தடத்துல வலி சுத்தமா போயிடுச்சுபா. நல்லா தூங்குனவர இவங்கதான் எழுப்பி வுட்டுட்டாங்க."

"டேய், அந்த உப்ப உன் வாயில கொட்டிக் கட்டுடா!" என்றேன். குரல் எழும்பவில்லை. நர்ஸ் மட்டும் சிரித்தாள்.

இப்போது வேறு பிளாஸ்திரி முதுகில் இருக்கிறது. வலி கட்டுக்குள் இருக்கிறது. பங்காளியும் விடாமல் வருகிறான். அவன் தலை தெரிந்ததும் மனைவி முதலில் போய் அடுப்பை அணைக்கிறாள். அப்புறம்தான் "வாங்க தம்பி" என்கிறாள்.