பறி கடித்த வாய்

நான் பார்த்த வேலைக்கு அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெயரே கிடையாது. எழுபதுகளின் நடுவில் பட்டணத்தில் ஒரு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பது, முதுகில் தட்டிச் சளியை வெளியேற்றுவது, ஆக்ஸிஜன் சிலிண்டரை வார்டு வார்டாக உருட்டிக்கொண்டு போவது, எல்லாம் என் தலையில். பழவேற்காட்டில் எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வியாபாரக் குடும்பம். "புள்ள இன்னா வேல பாக்குறாரு?" என்று யாராவது கேட்டால் வாப்பா முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், "காத்து வியாபாரம்" என்பார். அதைக் கேட்டு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை.

மூச்சு தானாக நடக்கிற காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் வார்டில் அது கூலி வேலை. ஒரு மூச்சை இழுத்துவிட்டு அடுத்த மூச்சுக்காகக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களை தினமும் பார்த்தவன் நான். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பொறுமைதான் கொஞ்சம் கம்மி. சொன்னதைச் செய்யாதவர்களிடம் கத்திவிடுவேன். அப்படி நான் அதிகமாகக் கத்தியது எங்கள் பழவேற்காட்டு உப்பு ஏரிக்கரைக்காரி ஒருத்தியிடம்தான்.

சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பு அவளுக்கு. வலையும் படகும் இல்லாமல், ஏரியில் இறங்கிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற ஜனம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டி வந்து சேர்ந்தாள். விலாவில் குழாய் போட்டுச் சீழை வடித்தாயிற்று. காய்ச்சலும் போயிற்று. ஆனால் அமுங்கிப்போன நுரையீரல் மட்டும் விரியவில்லை. பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், விரியாவிட்டால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்தான் என்றார். அதற்குப் பிறகு உயிருக்குப் பயமில்லை, ஆனால் தண்ணீர் வேலை, முங்குகிற வேலை எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

அவர் போனதும் அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் பழவேற்காட்டு ஆள் என்று எப்படியோ தெரிந்துவைத்திருந்தாள்.

"பாய், அவுரு சொன்னது எனுக்குப் புரில. நான் ஏரில எறங்கலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லு."

"நான் சொல்றபடி ஊதினா எறங்கலாம்" என்றேன்.

"ஊதுறேன்" என்றாள், ஏதோ சின்ன விஷயம் போல.

பயிற்சிக்கு இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் இருக்கும். ஒன்றில் கலர் தண்ணீர். நன்றாக மூச்சிழுத்து, ரப்பர் குழாயை வாயில் வைத்து நிதானமாக ஊதினால், தண்ணீர் ஏறி அடுத்த பாட்டிலுக்குப் போகும். குழந்தைகூட விளையாட்டாகச் செய்துவிடும். அவள் குழாயை வாங்கினாள், பல்லுக்கிடையில் வைத்தாள், கடித்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊதும்மா."

இன்னும் இறுக்கிக் கடித்தாள். நெஞ்சு அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கால் மெல்ல மூச்சு விட்டாள். நான் ஊதிக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரி ஊதிக் காட்டினாள். நர்ஸ் கெஞ்சினார். நான் குரலை உயர்த்த உயர்த்த அவள் பல்லும் இறுகியது. குழாய் நுனியில் பல் பதிந்து ரப்பரே பிய்ந்துவிட்டது. வேறு குழாய் மாட்டினேன். அதற்கும் அதே கதி. "ஊதுறேன்னுதான பாய் நெனைக்கிறேன், வர மாட்டேங்குது" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பிடிவாதம் இல்லை என்று தெரிந்தது. பின் என்னதான் என்று தெரியவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது, ஆபரேஷன் பேச்சு மறுபடி வந்துவிட்டது.

அவள் புருஷன் பொன்னேரி வந்து ரயில் பிடித்து, பார்க்கிற நேரத்துக்கு வந்து நிற்பான். ஒருநாள் பயிற்சியின்போதே வந்துவிட்டான். கட்டில் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"வாயில எத்த வச்சாலும் கடிச்சிக்குவா பாய். அவ பறின்னு நெனைச்சிக்கினு கீறா."

பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்குக் கூடையைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? அதனால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். நடை பழகிய வயதிலிருந்தே அவர்களுக்கு இதுதான் பாடம். பல்லில் ஏதாவது இருந்தால் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும், பிடித்த இறால் வெளியே போகும். அவளாகச் செய்யவில்லை, அந்த வாய் செய்தது. நான் தின்று வளர்ந்த இறால் முழுக்க அப்படி வந்ததுதான். ஏரியில் முழங்காலுக்கு மேல் நனையாத வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு அது எங்கே தெரியும்?

சரி, பல்லுக்கிடையில் எதுவும் வைக்கக் கூடாது. அப்படியென்றால் எதற்காக அவள் வாயைத் திறப்பாள் என்று யோசித்தேன். "ஏரில ஒருத்தர ஒருத்தர் எப்பிடிக் கூப்புட்டுக்குவீங்க?" என்று கேட்டேன்.

அவன் கேட்கக் காத்திருந்தவன் போல "ஓ" என்று ஒரு நீட்டு நீட்டிக் காட்டினான். நர்ஸ் அவனை முறைத்தார்.

ஆபரேஷன் தியேட்டரில் போய்க் கெஞ்சி, மயக்க மருந்து கொடுக்கிற பழைய ரப்பர் முகமூடி ஒன்றை வாங்கிவந்தேன். குழாயை அதில் சொருகி அவள் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடினேன். புருஷனை வராந்தாவின் கோடிக்கு அனுப்பினேன். "அவுரு தூரத்துல கீறாரு. காத்து எதுருல அடிக்குது. கூப்புடு" என்றேன்.

அவள் விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு மூச்சிழுத்தாள். வலியில் முகம் கோணியது. பிறகு முகமூடிக்குள்ளிருந்து ஒரு "ஓ" வந்தது, மெலிசாக, ஆனால் நீளமாக. பாட்டிலில் தண்ணீர் நடுங்கியது, ஏறியது, அந்தப் பக்கம் சொட்டியது. வராந்தாக் கோடியிலிருந்து அவன் பதில் குரல் கொடுத்தான். அவள் முகமூடியைத் தள்ளிவிட்டுப் பாட்டிலையே பார்த்தாள்.

"இன்னொரு தபா" என்றாள்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது. நான் சொன்னதற்கு இரட்டிப்பாகச் செய்தாள். வலிக்கும், வேர்க்கும், கட்டிலில் சாய்வாள், கொஞ்சம் தேறியதும் முகமூடிக்குக் கை நீட்டுவாள். புருஷன் வராத நாட்களில், "நீ போயி அங்க நில்லு பாய்" என்று என்னையே கோடிக்கு விரட்டுவாள். நான் போய் வெள்ளைக் கோட்டோடு அசடு மாதிரி நிற்பேன். "ஓ பா...ய்" என்று குரல் வரும். நான் பதில் கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வாள். சீக்கிரத்திலேயே மற்றக் கட்டில்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கதவருகே நின்று கேட்டுவிட்டு, "உன் வார்டா, மீன் மார்க்கெட்டா?" என்றார். அடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் பாதி விரிந்திருந்தது. அதற்கடுத்ததைப் பார்த்தவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆபரேஷன் பேச்சை விட்டுவிட்டார். எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அவளைப் போல மூச்சுக்காக உழைத்தவளை நான் பார்த்ததில்லை.

போகும்போது, புண் நன்றாக ஆறி, காட்டவேண்டிய தடவையெல்லாம் வந்து காட்டிய பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று மிரட்டி அனுப்பினேன். ஒழுங்காக வந்து காட்டினாள். பிறகு வரவில்லை. அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எங்கள் வேலையில் தெரிவதே இல்லை.

அடுத்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு லீவில் ஊருக்கு வந்தவன், மனசு கேட்காமல் ஒரு காலை பஸ் ஏறி அவர்கள் பக்கம் போனேன். ஏரியில் கரும்புள்ளி கரும்புள்ளியாகத் தலைகள். எது யாரென்று தெரியவில்லை. கரையிலிருந்து, அவள் கற்றுக்கொடுத்தபடி, நானே "ஓ" என்று கூப்பிட்டேன். குரல் பாதியில் பிசிறடித்தது. ஒரு தலை திரும்பியது. அவள்தான். பல்லில் பறி.

"மூச்சு எப்பிடிக் கீது?" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்படியே முங்கினாள்.

என்னையறியாமல் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் மூடிக்கொண்டு அமைதியாகிவிட்டது. எனக்கு நெஞ்சு அடைத்து, காது இரைந்து, தாங்க முடியாமல் மூச்சை விட்டேன். அவள் இன்னும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இரண்டடி வைத்துவிட்டேன். அப்போதுதான் தலை மேலே வந்தது. கையில் பெரிய இறால் ஒன்று துள்ளியது. அதைப் பறிக்குள் தள்ளினாள்.

"பயந்துட்டியா பாய்?" என்று அவளுக்குப் பக்கத்துத் தண்ணீரிலிருந்து, தன் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு புருஷன் கேட்டான். "வாயில பறி கீது. இப்ப பேச மாட்டா."

அவள் மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். எந்த வாயைத் திறக்கச் சொல்லி நாள்கணக்கில் தொண்டை வற்றக் கத்தினேனோ, அந்த வாய் பறியைக் கடித்துக்கொண்டு இறுக மூடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் நின்று அழுதேன்.