உப்புத் தண்ணீரில் போன ஊதா

போன வாரம் புது நகரிச் சேலையை முதல்முறை நனைக்கும்போது பக்கெட்டில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டேன். "எதுக்கும்மா உப்பு?" என்றாள் மகள். "சாயம் நிற்க" என்று சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். உப்பும் சாயமும் ஒரே பக்கெட்டில் சேர்ந்தால் எனக்கு மல்லிகா ஞாபகம்தான் வரும்.

மல்லிகா நகரிப் பெண்; தமிழும் தெலுங்கும் கலந்த ஆந்திர எல்லை ஊர். வீட்டில் தறி, பின்கட்டில் சாயத்தொட்டி. நான் பக்கத்துப் புத்தூர். திருப்பதியில் டிகிரி படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறை. தமிழில் சண்டை போட்டுத் தெலுங்கில் சமாதானமாகிற சிநேகிதம். அவளுக்கு பாட்டனி பிராக்டிகல் ஒருமுறை ஊற்றிக்கொண்டது. "இந்தவாட்டியும் போச்சின்னா ஊட்லயே இருன்ட்டாருடீ நைனா" என்று சொல்லிச் சொல்லி, பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள்.

கல்லூரி நடைபாதை ஓரமெல்லாம் ரியோ செடி. இலை மேலே பச்சை, அடியில் கத்தரிப்பூ நிறம். அந்த அடித்தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஊதாத் தண்ணீர் நிறைந்த ஒரு பை. அதுதான் வாக்குவோல். உப்புத் தண்ணீர் விட்டால் பை சுருங்கும். நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி புடைக்கும். அதைச் செய்து காட்டுவதுதான் பரீட்சை. தெலுங்குப் புத்தகத்தில் அதற்கு 'ரிக்திகா' என்று பெயர். காலியானது என்று அர்த்தமாம். இலையின் நிறம், விறைப்பு, தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் சுமப்பதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்! நாளெல்லாம் வீட்டு வேலை செய்கிறவளை 'சும்மா இருக்கிறாள்' என்பார்களே, அந்த மாதிரி.

பரீட்சைக்காகச் செய்து பழகும்போது மல்லிகாவுக்கு ஒரு கவலை. பிளேடு பட்ட இடத்தில் ஊதா கசிந்தது. பரீட்சையன்று காலையில் ஹாஸ்டல் சமையலறையில் கொதிக்கிற தண்ணீர் வாங்கி, உப்பைக் கரைத்து, பறித்த இலைகளை அதில் முக்கினாள்.

"சாயம் நிக்கும்டீ. எங்கூட்ல நூலுக்கு இப்டித்தான்."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற என் தலை பலமாக ஆடியது. சோம்பலால் நான் மட்டும் அதைச் செய்யவில்லை. செடியில் கிள்ளிய இலையோடு நேராகப் போனேன்.

பரீட்சையில் அவள் மைக்ராஸ்கோப்பில் கட்டம் கட்டமாக வெறும் வெளிறிய சுவர்கள். உப்புத் தண்ணீர் விட்டும் அசைவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் அம்மா குனிந்து பார்த்து, "ரங்கு ஏதம்மா?" என்றார். நிறம் எங்கே என்கிறார். பக்கத்தில் என் ஸ்லைடில் ஊதா ஜம்மென்று சுருங்கிக்கொண்டிருந்தது.  அவள் உப்பு யோசனைக்குத் தலையாட்டியவள் நான்தானே.

மல்லிகா மறைக்கவில்லை. "சுடுதண்ணில உப்பு போட்டு முக்குனேன் மேடம். எங்கூட்ல அப்டிப் போட்டாதான் சாயம் நிக்கும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்படியானால் இங்கே ஏன் போயிற்று என்று தெலுங்கிலேயே கேட்டார். மல்லிகா மறுபடி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நூலுக்கு உசிரில்ல மேடம். இதுக்கு இருந்திச்சி. உசிரு இருக்கிற வரிக்கும் அந்தப் பை கலரப் புடிச்சிக்கினு இருந்திச்சி. நான்தான் வேவ வெச்சிட்டேன்" என்றவள் அழுதுவிட்டாள்.

வேறு இலை பறித்து வரச் சொல்லி, மறுபடி செய்ய விட்டார் அவர். மல்லிகா தேறினாள். பரீட்சைத் தாளில் நான் எழுதியதெல்லாம் சரிதான். அவள் சொன்னது மட்டும் அதில் இல்லை. அன்று அவள்மேல் வந்த பொறாமையும் பிரியமும் இன்றுவரை குறையவில்லை.

மகள் இப்போது அதே கல்லூரியில்தான் படிக்கிறாள். ரியோ செடி இருக்கிறதா என்று கேட்டேன். அந்த இடம் பைக் ஸ்டாண்டாம். பிராக்டிகலும் போனிலேயேதானாம், காட்டினாள். 'உப்பு' என்ற இடத்தில் தொட்டால் ஊதா சுருங்குகிறது, 'தண்ணீர்' என்ற இடத்தில் தொட்டால் புடைக்கிறது. சுடுதண்ணீருக்கு எங்கே தொடுவது என்று கேட்டேன். அது கிடையாதாம். அந்தச் செல் சாகவே சாகாது. பாவம், மல்லிகா அதில் தப்புப் பண்ணியே இருக்க முடியாது.