கேமரன் முனையில் காத்திருக்கும் வேலை

கால் முட்டி போன பிறகு எனக்குக் கிடைத்தது வேன் ஓட்டும் வேலை. மலையேறிகளை ஈப்போ ஓரத்து உலு கிந்தா பக்கம் இறக்கிவிட வேண்டும். அவர்கள் முகட்டின் மேலேயே நாள்கணக்கில் நடந்து கேமரன் மலைப் பக்கம் இறங்குவார்கள். நான் சிம்பாங் பூலாய் ரோட்டில் சுற்றிப் போய் அந்த முனையில் காத்திருந்து, திரும்ப ஈப்போ குனோங் ராபாட்டுக்கு ஏற்றி வர வேண்டும். நடுவில் இருக்கும் மலை இனி எனக்கில்லை.

புதிதாக மலை வழிகாட்டி வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பாதையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் ஈப்போக்காரர்கள் இந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கமே இறங்குவார்கள். கேமரன் பக்கத்திலும் அப்படித்தான். இடையில் கிடந்த முகடு பூர்வகுடி மக்களின் நடைவழி. அவர்களில் ஒருவர் முன்னே நடந்து காட்ட, நானும் செல்வியும் பாராங் கத்தியால் பிரம்பு வெட்டி, சிவப்பு நாடா கட்டி, இரண்டு பக்கத்துப் பாதையையும் சேர்த்தோம். செல்வி, என் அப்பா ரப்பர் பால் வெட்டிய சுங்கை சிப்புட் தோட்டத்துப் பெண். பிறகு பல வருடம் கூட்டத்துக்கு நான் முன்னால், அவள் கடைசியில். இப்போது அவள் முன்னால் போகிறாள். நான் வேனில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறேன். பொறாமைதான், வேறென்ன.

ஒருமுறை மதியம் இறங்க வேண்டிய கூட்டம் சாயங்காலமாகியும் வரவில்லை. மூடுபனி. போனில் லைன் இல்லை. ஹார்ன் அடித்துப் பார்த்தேன். காய்கறி லாரிகளும் அதையேதான் அடிக்கின்றன, யார் கண்டுகொள்வார்? காட்டு முகப்புக்கு ஏறிப் போனேன். முந்தின நாள் மழையில் மண் சரிந்து, நாடா கட்டிய மரங்களையும் இழுத்துப் போயிருந்தது. உள்ளே எங்கோ பேச்சுச் சத்தம் கேட்டது.

"செல்வி!" என்று கத்தினேன்.

பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். காட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கண்ணில் படாத குரல் பெயர் சொன்னால் அது பேயாக இருக்கும், பதிலே பேசக் கூடாது. எங்கள் தொழிலில் அது சட்டம். ஒவ்வொரு கூட்டத்தையும் அப்படி மிரட்டி அனுப்புகிறவனே நான்தான்.

பயத்தில் வாய்க்கு வந்ததைக் கத்தினேன். "எவ்வளவு நேரம் லா நிக்கிறது? வாங்கி வச்ச கோப்பி ஐஸாப் போச்சு! கால்ல அட்டையோட எவனாச்சும் என் சீட்ல உக்காந்தா, ஈப்போ வரைக்கும் நடந்துதான் வரணும்!"

பிறகு செல்வியின் சிரிப்பு.

"அண்ணேதான் லா! பேய் சீட்டுக்கெல்லாம் சண்டை போடாது. வாங்க, போலாம்."

நான் திட்டிக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சரிவைச் சுற்றி, சேறும் பாசியுமாக ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கும் அடியில்லை.

செல்வி என் காலைப் பார்த்தாள். "எங்க நிக்கிறீங்கன்னு பாருங்கண்ணே."

திட்டுகிற வேகத்தில் பாசிக்காட்டுக்குள்ளேயே ஏறி வந்திருந்தேன். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் அழுகை முட்டியது.

"மேல எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்குண்ணே."

பக்கத்து மரத்தின் ஈரப் பாசியைத் தொட்டுப் பார்த்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காட்டில் பெயரைக் கூப்பிடாதீர்கள். ஆனால் பாதை முடியும் இடத்தில், உங்களை உரிமையோடு திட்டக்கூடிய ஒருவரை நிறுத்தி வையுங்கள்.

அன்று செல்வி ஒதுங்கி வழி விட்டாள். "நீங்க முன்னால போங்கண்ணே."

முட்டி வலித்தது. வேன் வரைக்கும் மெதுவாகத்தான் இறங்கினேன். யாரும் என்னை முந்தவில்லை.