ஞாயிற்றுக்கிழமை என்ன விரதம்?

நியூ சவுத் வேல்ஸின் மேற்கு ஓரத்தில், செம்மண் பாலைக்கு நடுவே, ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே போனால் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டால் இன்றைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களுக்கு நடுவே படகில் போகலாம். கூழைக்கடாக்களைப் பார்க்கலாம். செம்மணல் மேட்டில் ஏறலாம். ஏரியில் பொழுது படுவதைப் பார்க்கலாம். ஏரி மீன் சாப்பிடலாம். என் தங்கச்சி தன் கையால் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்த பட்டியல் அது. அதில் ஒன்றையும் நாங்கள் விடவில்லை. ஆனால் நான் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. அம்மா செத்துப்போனதை அவளுக்குச் சொல்லப் போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்மாவும் ஐயாவும் இருந்த யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி கிடையாது. அம்மா ஒரு புதன்கிழமை இறந்தார். கொழும்பில் இருந்த மாமாவின் மகன் சிட்னியில் ஹோம்புஷில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்துச் சொன்னது அடுத்த திங்கட்கிழமை. இரண்டு நாள் காய்ச்சலாம், அவ்வளவுதானாம். எரித்தும் முடிந்துவிட்டது. நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "ஆர் சொன்னது? பொய்யாத்தான் இருக்கும்" என்று அவனோடு சண்டை பிடித்தேன். பாவம், அவன் மறுமுனையில் அழுதுகொண்டு நின்றான். பிறகு போய்த் தலைமுழுகினேன்.

தங்கச்சியின் கணவர் அந்த ஏரிக்கரை ஊர் ஆஸ்பத்திரியில் டொக்டர். சிட்னியில் வேலை கிடைக்காமல் அங்கே போனவர்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். எப்போது, என்ன காய்ச்சல் என்று டொக்டராகவே கேட்டார். பிறகு, "போனில சொல்லாதேங்கோ அக்கா. அவ பகல் முழுக்கத் தனிய இருக்கிறா. நீங்கள் நேர வந்து பக்கத்தில இருந்து சொல்லுங்கோ. நான் வாய் திறக்கமாட்டன்" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. எங்கள் ஆட்கள் அப்படித்தானே. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சாவைப் போனில் சொல்வதில்லை. ஒரு ஆள் போய், வயிறாரச் சாப்பிட வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டும்.

புதன்கிழமை எட்டாம் நாள். எட்டுச் செலவை ஃபிளாட்டில் நானும் என் கணவருமாகச் செய்தோம். அம்மாவுக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைத்துவிட்டு வியாழக்கிழமை விடியக் காரை எடுத்தோம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுகச் சொல்லவேண்டிய வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டே போனேன்.

தங்கச்சி கேற்றைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "ரெண்டு வருசத்தில எங்கட ஆக்களில முதல் வந்தது நீங்கள்தான் அக்கா!" என்று என்னைக் கட்டிப்பிடித்துத் துள்ளினாள். பாடமாக்கிய வசனத்தை விட்டுவிட்டு, "மெலிஞ்சு போனாய்" என்றேன். "சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம்" என்று இவர் காதோரம் சொன்னார். சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிச் சாப்பாடுதான். "இரவு நித்திரை கொள்ளட்டும், காலையில சொல்லலாம்" என்றார் அடுத்ததாக. நல்ல ஆளாகப் பார்த்துக் கட்டினேன் என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் நானும் சொல்லவில்லையே.

அப்போதுதான் பிரிட்ஜில் இருந்த பட்டியலைக் காட்டினாள். அம்மா கடிதம் எழுதும்போதெல்லாம் ஒரே புலம்பல்: தண்ணியில்லாக் காட்டில என்ர பிள்ளையைக் கொண்டுபோய் விட்டிட்டினம். அதற்குத்தான் இவ்வளவும்.

"உங்கட கமெராவில வடிவா எடுங்கோ அக்கா. கொழும்புக்குப் போற ஆரிட்டையும் குடுத்துவிடுவம். அம்மா ஒருக்கா இந்தத் தண்ணியைப் பார்த்தா எண்டால் பிறகு புறுபுறுக்கமாட்டா."

தங்கச்சியின் கணவர் எழுந்து, டியூட்டி என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சனி ஞாயிறு முழுக்க அவருக்கு டியூட்டிதான். கள்ளன்.

சனிக்கிழமை படகில் போனோம். அந்த வருடம் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரை தெரியாத தண்ணீர், அதற்குள் சாம்பல் நிறத்தில் மரங்கள். தங்கச்சி படகின் முன்பக்கம் போய் இருந்து, தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு திரும்பினாள். "இப்பிடிச் சிரிச்சது காணுமோ?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் சிரி" என்றேன். நான்தான் சொன்னேன், என் வாயால். பிறகு கூழைக்கடாக்களுக்கு முன்னால் ஒன்று. மணல்மேட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்று. ஒவ்வொரு தடவையும், "பின்னால தண்ணி விழுகுதோ அக்கா? தண்ணி முக்கியம்" என்று கேட்டாள்.

மத்தியானம் ஏரி மீனில் புளி விட்டுக் குழம்பு, பொரியல் வேறு. அம்மாவின் கை அப்படியே அவளுக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மீன் மச்சம் தொடக்கூடாது. சாப்பாட்டுக் கோப்பையில் மீனைக் கண்டதும் எனக்கு ஒரு பொய் வந்தது. "புரட்டாதிச் சனியெல்லே, ரெண்டு பேரும் விரதம்" என்றேன்.

"ஐயோ, மறந்தே போனன்! இந்த ஊரில எந்தச் சனி, எந்தப் புரட்டாதி! அம்மா அறிஞ்சா என்னை உரிச்சுப்போடுவா" என்று சிரித்தாள். எங்களுக்கு அவசரமாகப் பருப்பு வைத்துத் தந்தாள். தான் இரண்டு துண்டு மீன் போட்டுக்கொண்டாள். மூன்றாவது துண்டை நான் போட்டேன். "நீயாவது சாப்பிடு" என்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். பயந்த மனுஷிக்குக் கையும் பொய் சொல்லப் பழகிவிடும் போலிருக்கிறது.

அன்று மாலை ஏரிக்கரையில் பொழுது பட்டது. வானமும் தண்ணீரும் ஒரே சிவப்பு. இதுதான் நேரம் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் என் தோளில் சாய்ந்து, "இங்க வந்த பிறகு இண்டைக்குத்தான் அக்கா நான் சந்தோசமா இருக்கிறன்" என்றாள். நான் கையை விட்டுவிட்டுக் கமெராவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிச்ச மீனைப் பொரித்து மேசையில் வைத்தாள். தன் கோப்பையில் எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் பருப்போடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

"நேற்றுச் சனி, சரி. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்ன விரதம்?" என்று பகிடியாகத்தான் கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் உப்புப் போத்தலைப் பார்த்தேன். பெரியவர்கள் இரண்டு பேர் நாள் கணக்காக மீனைத் தொடாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாதா? அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"ஐயாவோ?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

அதற்குமேல் அவள் பெயர் கேட்கவில்லை. வாயில் இருந்ததைக் கையில் துப்பினாள்.

"எத்தினை நாள்?"

"இண்டையோட பன்ரண்டு. எங்களுக்குத் திங்கக்கிழமைதான் தெரியும்."

"அப்ப எட்டுச் செலவு?"

"புதன்கிழமை. ஃபிளாட்டில படைச்சனாங்கள்."

"என்ன படைச்சனீங்கள்?"

மடைச்சி நான், அதற்கும் பதில் சொன்னேன். "கத்தரிக்காய்ப் பால்கறி, உழுந்துவடை, மோதகம்..." அவள் பாடம் கேட்கிற பிள்ளையாய்த் தலையாட்டினாள். எழுந்து போய்க் குசினிக் குழாயில் வாயைக் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

"நேற்று முழுக்க என்னைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லிப் படம் எடுத்தனீங்கள். ஆருக்குக் காட்ட அக்கா?"

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அந்த வாய் எங்கே போனதோ தெரியாது. "உனக்காகத்தானடி" என்று ஏதோ உளறினேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டவில்லை. பின்கதவால் வெளியே போனாள்.

வீட்டுக்குப் பின்னால் நூறடியில் ஏரி. நான் துவாயை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சாவுச் செய்தி கேட்டால் தலைமுழுகவேண்டும். அவள் உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கினாள். குளிர் இன்னும் விடாத மாதம். இடுப்பளவு போய் முதல் முழுக்குப் போட்டு எழுந்தபோது அவள் பற்கள் கிடுகிடுவென்று அடிப்பது கரைக்குக் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. சப்பாத்தோடேயே தண்ணீரில் கால் வைத்தேன்.

அவள் கையை நீட்டி என்னை மறித்தாள். கோபமே இல்லாத குரலில்தான் சொன்னாள்.

"நீங்கள் வராதேங்கோ அக்கா. நீங்கள் திங்கக்கிழமையே முழுகி முடிச்சிட்டியள்."

நான் காலை எடுத்தேன். மிச்ச முழுக்கை அவள் தனியாகவே போட்டாள்.