ஃபிலிங்கருக்கு இரண்டாவது சாட்சி

டாட்மன் குடாவில் லவினியா பார்டிக்கு ஊர் வைத்த பேர் 'சொல்பொறுக்கி'. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் பேசுகிற இங்கிலீஷுக்கு அகராதி போடும் பல்கலைக்கழகத்துக்கு, பன்னிரண்டு வருஷமாகச் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். சீட்டுக்கு ஒரு சொல், கீழே சொன்னவர் பெயர். சம்பளம் கிடையாது, தபால்தலை மட்டும் அனுப்பிவைப்பார்கள். அவளுக்கு அது போதும்.

அகராதிக்காரர்கள் கறாரானவர்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு பேர் சாட்சி வேண்டும். கேட்கிறவர் அந்தச் சொல்லை முதலில் உச்சரிக்கவே கூடாது. பொருளைச் சொல்லி, எதிராளி வாயிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.

'ஃபிலிங்கர்' அவள் புருஷன் செல்பி கொடுத்த சொல். பிடித்த மீனில் கடைசி ஒன்றை, கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டு வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வருவது குடா வழக்கம். அந்த மீனுக்குப் பார்டி குடும்பம் மட்டும் வைத்திருந்த பேர் அது. செல்பியைக் கடல் கொண்டுபோய்ப் பதினோரு வருஷம். இன்னொரு சாட்சி இந்த மாதத்துக்குள் வராவிட்டால் சொல்லை நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்தது. குடும்பத்தில் மிஞ்சியிருந்தவன் செல்பியின் தம்பி ஹெய்வர்ட் ஒருவன்தான். செல்பி மூழ்கியது அவன் படகிலிருந்து விழுந்துதான். அன்றிலிருந்து லவினியா அவன் முகத்தில் விழித்ததில்லை. பொய்ப்பெயர் போட்டு ஒரு சீட்டு அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? மனசு வரவில்லை. வீம்பை விழுங்கிவிட்டுப் போனாள்.

"வாங்க அம்மணி. வழி மறந்துபோச்சுன்னுல்ல நினைச்சேன்" என்றான் ஹெய்வர்ட், வலையிலிருந்து தலை தூக்காமல்.

"வாசல்ல வெச்சுட்டு வர்ற கடைசி மீன் இருக்கே, அதுக்கு உங்க வீட்ல என்ன பேரு?"

"மீன்."

"வேற பேரு?"

"மீனை மீன்னுதான் சொல்லுவோம். படிச்சவங்க வேற மாதிரி சொல்லுவாங்களோ என்னவோ."

சொல் அவள் தொண்டை வரை வந்தது. சொல்லிவிட்டால் சாட்சி செல்லாது. சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தெரிஞ்சே மறைக்கிறே. உங்க அண்ணன் இருந்தா இன்னிக்கும் நாலு வாசல்ல வெச்சிருப்பார். உனக்கெங்கே அந்த மனசு!"

ஹெய்வர்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மனசு இல்லாமதான் பதினோரு வருஷமா உங்க வாசல்ல ஃபிலிங்கர் வெக்கிறேனா, அண்ணி? பாதிரியார் வெக்கிறார்னா நினைச்சீங்க?"

லவினியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாதிரியார் என்றுதான் நினைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவருக்குக் கையுறை பின்னிக் கொடுத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

சீட்டை விரித்து எழுதினாள். சொன்னவர்: ஹெய்வர்ட் பார்டி. 'கேட்டவருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, கொழுந்தன் என்று எழுதினாள்.