டெஸ்க் மேல் டிபன் பாக்ஸ்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் என்றாலே அந்தக் காலேஜில் வாத்தியார்களே பத்தடி தள்ளி நிற்பார்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலையில், சூளகிரி தாண்டி இருந்த இன்ஜினியரிங் காலேஜ் அது. 2006 ஜூலையில் யாருக்கு எந்தப் பேப்பர் என்று பிரித்தபோது ஒருவருக்குத் திடீரென்று முதுகுவலி, இன்னொருவருக்கு பிஎச்.டி. வேலை. எல்லோரும் நைசாகக் கழன்றுகொள்ள, புதிதாகச் சேர்ந்திருந்த சத்யப்ரியாவின் தலையில் அது வந்து விழுந்தது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத இருபத்து மூன்று வயசு, பாவம்.

துறைத் தலைவர் வெங்கடப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். "போன வருஷம் பாதிப் பேரு அவுட்டும்மா. இந்த வருஷமும் அப்படியே ஆச்சின்னா, அடுத்த செமஸ்டருக்கு உங்கள வெச்சிக்க முடியாது."

வீட்டிலோ அப்பா மாரிமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்து ஊன்றிய மனிதர். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் ஆரம்பித்துவிடுவார். "நம்ம பிள்ள காலேஜ்ல இருக்கா. டீச்சர் இல்லவே, லெக்சரரு!" அந்த மனிதரிடம் போய் வேலை போச்சு என்று எந்த வாயால் சொல்வது?

அந்தப் பாடம் ஒன்றும் பூதம் இல்லை. ஓடுகிற யந்திரம் தன் பிசகைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வது எப்படி, அவ்வளவுதான் விஷயம். சத்யப்ரியாவுக்கு அது உயிர். அந்த ஆசையில் முதல் இரண்டு வாரம் எக்ஸ்பிரஸ் வண்டியாக ஓட்டித் தள்ளினாள். பையன்களின் முழியைப் பார்த்து அவளாகவே வேகத்தைக் குறைத்தாள். அப்போதுதான் பழைய புகார் வந்து சேர்ந்தது. வகுப்புப் பிரதிநிதி காதில் விழுந்து, இன்னொரு வாத்தியார் வழியாக வெங்கடப்பனுக்குப் போய், அங்கிருந்து இவளிடம்: "ரொம்ப ஸ்பீடாம்." பதறிப்போய் இன்னும் மெதுவாக்கினாள். 'எல்கேஜி மாதிரி இருக்கு' என்ற புகார் அதே வழியாகச் சுற்றி வருவதற்குள் மறுபடி வேகம் பிடித்திருந்தாள். அதைக் கேட்டு இன்னும் பறந்தாள். முதல் டெஸ்டில் முக்கால்வாசிப் பேர் காலி.

திருத்திய பேப்பர்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள், ஓசூர் வரும் நேரத்தில் திடுக்கென்று நிமிர்ந்தாள். "அடிப்பாவி, நானே ஸ்டேபிள் இல்லையே, அங்கயும் இங்கயும் ஆடிக்கிட்டு இருக்கேனே!" என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தாள். கண்டக்டர் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாளே வகுப்பில் கேட்டாள். "புரியலன்னா அப்பவே கை தூக்குங்க." ஒரு கையும் எழவில்லை. பையன்கள் முன்னால் பெண்களுக்குக் கூச்சம், பெண்கள் முன்னால் பையன்களுக்கு மானப் பிரச்சினை. தளியிலிருந்து வரும் ஹரீஷ்குமார் மட்டும் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து டெஸ்க் மேல் வைத்திருந்தான்.

"ஏம்ப்பா, அதுக்குள்ள பசியா?"

"புரியலன்னா எனக்கு பசிக்குது மேடம்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சத்யப்ரியாவுக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டியது. அன்று முதல் அதுதான் சட்டம்: புரியவில்லை என்றால் டிபன் டெஸ்க் மேலே, புரிந்தால் கீழே. வாயைத் திறக்க வேண்டாம். அப்புறம் பார்க்க வேண்டுமே! நாலைந்து பாக்ஸ் ஏறினால் நிறுத்துவாள், இன்னொரு விதமாகச் சொல்வாள், இறங்கினதும் நடப்பாள். வகுப்பு கலகலவென்று ஆனது. அவளுக்குக் காலையில் பஸ் ஏறுவதே சந்தோஷமாக இருந்தது.

நைக்விஸ்ட் என்ற பெயரில் ஒரு பகுதி உண்டு. போர்டில் வளைந்து வளைந்து ஒரு கோடு வரும். மைனஸ் ஒன்று என்ற புள்ளியை அது சுற்றுகிறதா என்று பார்த்து யந்திரம் நிதானமாக நிற்குமா, தறிகெட்டு ஆடுமா என்று சொல்ல வேண்டும். அதை ஆரம்பித்த அன்று அத்தனை டிபன் பாக்ஸும் மேலே ஏறிவிட்டன. ஒன்றிரண்டு மூடி சரியில்லாமல் சித்ரான்ன வாசனை வேறு. அந்த நேரம் பார்த்து வாசலில் வெங்கடப்பன்.

"இன்னாம்மா இது? கிளாஸா, மெஸ்ஸா?"

ஹரீஷ்குமார் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று எழுந்தான். "யாரும் திங்கல சார். புரியலன்னு வெச்சிருக்கோம்."

"இத்தினி பேருக்குமா?" வெங்கடப்பன் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். "நாளைக்கி நான் வந்து உக்காந்து பாக்கறேன்."

சத்யப்ரியாவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அப்பா ஆசையாகக் காலேஜ் பற்றிக் கேட்டதற்கெல்லாம் உம் கொட்டினாள்.

மறுநாள் வெங்கடப்பன் கைப்பையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் முதலிலிருந்து தொடங்கினாள். பாக்ஸ்கள் ஏறின. கோட்டைச் சின்னச் சின்னத் துண்டாக்கிச் சொன்னாள், ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாம் இறங்கியது என்று மூச்சு விட்டவள், கடைசி பெஞ்சைப் பார்த்துச் சாக்பீஸோடு அப்படியே நின்றாள்.

வெங்கடப்பனின் டெஸ்க் மேல் மூன்றடுக்கு டிபன் கேரியர் இருந்தது.

வகுப்பு சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "அது ஏம்மா மைனஸ் ஒண்ண சுத்தணும்? எனக்கு அது எப்பவுமே பிடிபட்டதில்ல," என்றார் அவர். "யாரயாவது கேக்கலாம்னா வெக்கம்."

"திருத்தம் சுத்தி வர்றப்ப அளவு குறையாம, ஆனா தலைகீழா வந்து சேருற இடம் அது சார். குறைக்க வேண்டிய நேரத்துல கூட்டிடும். எனக்கே நடந்துச்சு. நான் மெதுவான பிறகுதான் ஸ்பீடுன்னு புகார் வந்துச்சு. அதக் கேட்டு இன்னும் மெதுவானேன். அப்படித்தான் ஆட்டம் கூடிக்கிட்டே போச்சு."

வெங்கடப்பன் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அட, புகார சுத்த விட்டது நான்தானா!" என்று சிரித்தபடியே கேரியரைத் தூக்கிக் கீழே வைத்தார். கைத்தட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அடுத்த வருஷமும் இந்தப் பேப்பர நீங்களே எடுங்கம்மா. நானும் வந்து உக்காந்துக்கறேன்."

சாயங்காலம் மகள் சொல்லக் கேட்ட மாரிமுத்துவுக்கு அன்றிரவு தூக்கமே பிடிக்கவில்லை. விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பக்கத்து சீட்டுக்காரரைத் தட்டி எழுப்பினார்.

"லெக்சரர் இல்லவே. லெக்சரருக்கே லெக்சரரு!"